ஐஸ் பெட்டிக்குள் போன கொசுக்கள்

அக்கா,

இன்று காலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உள்ளே இருந்தவை கொசு அடைத்த காகிதக் கப்புகள்தான். ஆனால் மூடியைத் திறந்ததும் குப்பென்று இறால் வாசனை! யாரோ மீன் பெட்டியைக் கழுவி அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாசனைக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் உன் வீட்டு முன்னறைக்குக் குடிவந்த அன்று நான் 'நீங்க' என்று ஆரம்பித்தேன். உனக்கும் எனக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். "இன்னாமே, நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா போலீசா? அக்கான்னு கூப்டு, நீன்னு பேசு" என்று அங்கேயே தீர்த்துவிட்டாய். விடிந்ததும் மாட்டுக்கொட்டகைகளில் டார்ச் அடித்து, இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடித்து வருவது என் வேலை. நீ இறால் தரம் பிரித்தபடியே, "இன்னிக்கு உம்பாடு எவ்ளோ?" என்று கேட்பாய். பாடு என்றால் வலையில் விழுந்தது; இருவருமே ஏதோ ஏரிக்குப் போய் வந்ததுபோல!

மைக்ராஸ்கோப் என்றால் உனக்குப் பைத்தியம். குடித்துக்கொண்டிருக்கும்போதே கொசு தண்ணீரை மட்டும் பின்னால் சொட்டுச் சொட்டாக விட்டுவிடும், வயிற்றில் இடம் வேண்டுமே என்றேன். "குடிக்கச் சொல்லவே ஒண்ணுக்குப் போவுதா? எங்கூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு" என்றாய். குடித்த இரத்தத்தைச் சுற்றிக் குடலே ஒரு மெல்லிய பையைக் கட்டிக்கொள்ளும், குடலுக்குக் கேடு வராமல் அந்தப் பைக்குள் வைத்தே செரிக்கும், சிவப்பு மெல்லக் கறுப்பாகும், பக்கத்திலேயே முட்டை திரளும் என்றும் சொன்னேன். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இத்தினூண்டு கொசுவுக்கு எம்மாம் புத்தி! நம்மளு கண்டத முழுங்கிட்டு வயித்தப் புடிச்சினு குந்தினு கீறோம்" என்றாய்.

அந்த மே மாதம் நினைவிருக்கிறதா? என் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார், இரத்தம் குடித்து ஒரு நாள் கழிந்த கொசுவின் குடல் எப்படி மாறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிடித்த கொசுக்களைக் கப்புகளில் அடைத்து, "அக்கா, பத்திரமா பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பொன்னேரிக்குப் போனேன். மறுநாள் காலை வந்து ஒவ்வொரு கொசுவின் வயிற்றையும் திறந்து பார்த்தால், அடக் கடவுளே, இரத்தம் அப்படியே சிவப்பாக இருக்கிறது! பையும் சரியாகக் கட்டவில்லை. பாதிக் கொசுக்கள் வேறு செத்துக் கிடந்தன.

"என்ன பண்ணின இதுங்கள?" என்று கத்தினேன்.

"வெயிலு கொளுத்துச்சுமே. கெட்டுப்பூடும்னு ஐஸ் பொட்டியில, சாக்கு மேல வெச்சேன். காலைல நீ வரச்சொல்லதான் எடுத்தாந்து மேஜையில வெச்சேன்."

பத்திரம் என்றால் ஐஸ். பிடித்து வந்தது எதுவானாலும் ஐஸ். உங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. அது தெரிந்தும், "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டேன். நீ கூடையைக் கழுவப் போய்விட்டாய். நீ பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஜன்னலோரம் ஒரு கப்பை மட்டும் நீ ஐஸுக்கு எடுக்காமல் விட்டிருந்தாய். அதிலிருந்த கொசுவின் வயிற்றைத் திறந்தால் கறுத்த இரத்தம், அதைச் சுற்றி அழகான பை. ஆனால் அது ஒன்றே ஒன்று. என்ன பொய் சொல்லலாம் என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்தேவிட்டார். ஈரக் கையோடு நீயும் வந்து நின்றாய்.

"சார், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நாந்தான் ஐஸ்ல போட்டேன். திட்டறதுன்னா என்னத் திட்டு."

அவர் திட்டவில்லை. இரண்டு குடல்களையும் மாறி மாறிப் பார்த்தார். குளிரில் செரிமானம் அப்படியே மந்தமாகிவிட்டது என்பது கண்முன்னே தெரிந்தது. "இதையே திட்டம் போட்டுச் செஞ்சு காட்டுங்க" என்றார். வேலை நீடித்தது. அவர் போனதும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அடச்சீ, பேஜாரு பண்ணாத. வா, வந்து எறாலு உரி" என்றாய். உரித்தேன். அந்த மன்னிப்பு கேட்கப்படாமலேயே போய்விட்டது.

இப்போது எது கெட்டாலும் முதலில் விசாரிக்கிறேன், அப்புறம்தான் கத்துகிறேன். கத்துவதை விடவில்லை அக்கா, உன்னிடம் எதற்குப் பொய்? இன்றுவரை குளிரில் வைக்கும் கப்புகளில் 'அக்கா' என்றும், வெளியில் வைப்பவற்றில் 'ஜன்னல்' என்றும்தான் எழுதி ஒட்டுகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் இன்று அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "மேடம், அக்கான்னா ஏதாவது மருந்தா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். "இல்லைங்க, நான் திட்டியிருக்கக் கூடாத ஒருத்தி" என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.