நீர்ப்பிரமியா பொடுதலையா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது கிடக்கட்டும். நீ நலமாகத்தான் இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

கொல்லைக் குழாயடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் கொடியைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, நீ நீர்ப்பிரமி என்றாய், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வாசலில் இருக்கும் நம் கடிகாரக் கடையை விட்டு நீ வேறு வேலைக்குப் போன இந்த மூன்று வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர், அன்று எழுந்து போகவில்லை. படத்தைப் பாத்தே பேர் சொல்றானா, அது பொடுதலை என்றார். அன்று முதல் எனக்குத் தபால்காரி உத்தியோகம். இலை ஓரத்துல ரம்பம் மாதிரி வெட்டு இருக்கான்னு கேளு என்பார் அவர், இல்லை, வழவழவென்று தடிப்பாக இருக்கும் என்பாய் நீ.

பத்து நாளுக்கு முன் பூ விட்டது. அப்பா பழுது பார்த்துக்கொண்டிருந்த கடிகாரத்தை அப்படியே போட்டுவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஈரத்தரையில் குப்புறப் படுத்துவிட்டார். ஆள் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்தாள். பொடுதலை என்றால் குட்டிப் பூக்கள் ஒரே கொண்டையாகக் கூடி நிற்குமாம், இதில் காம்புக்கு ஒரு பூ, ஐந்து வெள்ளை இதழ். சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனவர் இரண்டு நாள் அந்தக் கடிகாரத்தையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், அவன் சொன்னதுதான் சரின்னு எழுதிடு என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது. நீங்களே எழுதுங்கள், எனக்குக் கை வலிக்கிறது என்றேன். பொய்தான், வலிப்பது முழங்கால்.

ஈரத்துணியில் சுற்றி நாலு தண்டு வைத்திருக்கிறேன். கூடவே இருக்கும் தாள் அவர் எழுதியது, மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதாக எழுதியது. அகலத் தட்டில் சேற்று மண், தண்டைப் படுக்க வை, கணுவில் வேர் விடும், மண் காயக் கூடாது, காலை வெயில் போதும், அவ்வளவுதான், நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் கடைசி வரியைப் பார். சந்தேகம் இருந்தால் கேள் என்று எழுதியிருக்கிறார். பூவைப் பார்க்காமலே பேர் சொன்னவன் நீ, உனக்கு ஒரு சந்தேகமும் வராது. வந்த மாதிரி நடி கண்ணா. என்னிடம் கேட்காதே, அவரிடம் கேள்.

நீ நன்றாக இரு, வைத்த இடத்தில் எல்லாம் தழைக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வருவதில்லை. போனைக் கைக்கு எட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறார், ஒரு வாரமாக.

உன் அம்மா