பதினைந்து நாள் மாத்திரையும் நாலு வருஷமும்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து சாரல். டிரைவிங் வகுப்பு இரண்டு. இரண்டும் ரத்து. மழையால் அல்ல, டாக்டரால்.

மனநல டாக்டர், பீளமேடு. சின்னப் பெண்தான். பதற்றத்துக்கு என்று வேறொரு டாக்டர் பதினைந்து நாளைக்கு எழுதித் தந்த மாத்திரையை நாலு வருஷமாகப் போடுகிறேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாள் யார் கொடுத்தார்கள் என்றார். மெடிக்கல் கடை என் பெரியப்பா மகனுடையது. சொந்தத்துக்கு இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது.

"பதற்றம் எதனால வந்துச்சுங்க?"

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறனுங்க."

பேனாவை மறுபடி எடுத்து, காரணம் என்று அதையே எழுதிக்கொண்டார்.

அவர் சொன்ன வழிகள், மறக்காமலிருக்க:
– ஆஸ்பத்திரியில் படுத்து மாத்திரையை விடுவது. வலிப்பு வந்தவர்களுக்கு, குடியும் சேர்ந்தவர்களுக்கு. இப்போதைக்கு எனக்கு வேண்டாம்.
– உடம்பிலிருந்து மெதுவாக இறங்கும் வேறு மாத்திரைக்கு மாறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. மாதக்கணக்கில் ஆகும்.
– கூடவே கவுன்சிலிங்.
– ஒரேயடியாக நிறுத்துவது: கூடவே கூடாது. வலிப்பு வரை போகுமாம்.

இரண்டும் மூன்றும் முடிவு. மாத்திரை டப்பா அமுதாவின் பொறுப்பில். பெண்டாட்டி கையில் டப்பா இருந்தால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி என்றார் டாக்டர்.

அவர் சொல்லும்வரை கார் ஓட்டக் கூடாது. சொல்லிக்கொடுக்கவும் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்த சீட், காலடியில் இரண்டாவது பிரேக்கோடு. மாத்திரையை விட்டால்தான் சீட் திரும்பும்.

ஜூன் 10, செவ்வாய்
அமுதா டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். சாப்பிட்டதும் ஒன்று எடுத்துத் தருகிறாள். நான் விழுங்கியதும், "வாயத் தெறங்க" என்று பார்க்கிறாள்.

ஜூன் 12, வியாழன்
கை நடுக்கம் கொஞ்சம். தூக்கம் மூன்று மணி. பக்கத்து வீட்டு மிக்ஸி என் மண்டைக்குள் ஓடுகிறது.

அண்ணன் போன். "ஏனுங் தம்பி, கடைப் பக்கமே காணமுங்க? நான் வேணா ஊட்டுக்கே கொண்டாந்து குடுத்துபோட்டுப் போகட்டுங்களா?"

மாத்திரையை விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரியவைக்க அரை மணி. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார்.

ஜூன் 15, ஞாயிறு
எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நலம் விசாரிக்க வெள்ளகோவில் மாமாவும் அத்தையும். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். அவர்கள் சொன்ன வைத்தியம்: சீரகத் தண்ணீர், கோயிலுக்கு ஒரு கெடா, அதிகாலையில் எருமைத் தயிர்.

கிளம்பும்போது மாமா தனியாகக் கூப்பிட்டார். "மாப்பிள்ள, நீங்கதான் விடறீங்களே... பழைய அட்டை மிச்சமிருந்தா ரெண்டு குடுங்க. அத்தைக்குத் தெரிய வேண்டாம்."

அதே நேரம் சமையல்கட்டில் அத்தை, அமுதாவிடம்: "மிச்சமிருந்தாக் குடு கண்ணு. மாமனுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரே வீடு, ஒரே மாத்திரை, தனித்தனி ரகசியம்! டாக்டர் விலாசத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போனபின் வயிறு வலிக்கச் சிரித்தேன். அமுதா சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவினாள்.

ஜூன் 18, புதன்
டப்பாவில் இரண்டு குறைகிறது. நான் எடுக்கவில்லை. அல்லது தூக்கக் கலக்கத்தில் எடுத்தேனா? இந்த மாத்திரை மறதி தரும் என்றாரே டாக்டர். என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

அமுதா பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். "பரவால்லீங்க, உடுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் கேட்காத சொல். பயமாகிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி
இன்னொன்றும் போச்சு. அரிசிக்குள் விழுந்திருக்குமோ என்று டிரம் முழுவதையும் பாயில் கொட்டித் தேடினேன். கிடைத்தவை: வண்டு ஏழு, கொலுசுத் திருகாணி ஒன்று. மாத்திரை இல்லை.

அப்படியானால் திருடன் நான்தான். டாக்டரிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்வார். சீட் போச்சு.

ஷெட்டில் நிற்கும் ஸ்கூல் காருக்குள் போய் அழுதேன். பின் சீட்டில்தான். முன் சீட்டில் உட்கார மனம் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்
பலத்த காற்று. பீளமேட்டுக்கு அமுதா ஓட்டினாள். என்னிடம் பழகியவள், மூன்றாவது கியரைத் தாண்டமாட்டாள்.

"மூணு மாத்திர திருடிப்போட்டனுங்க டாக்டர். எடுத்ததே நெனப்பில்லீங்க" என்றேன். டாக்டர் எழுதத் தொடங்கினார். அமுதா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லீங்க டாக்டர். நானுங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"இவரு அட்டை அட்டையா வாங்கியாரப்ப ரெண்டு வருசமா எடுத்துக்குவனுங்க. அப்ப எண்ணிப் பாக்காததால இவருக்குத் தெரியலீங்க. இவருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு தூக்கமே வரதில்லீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. வெள்ளகோவில்காரர்களைப் பார்த்துச் சிரித்தேனே! பக்கத்தில் படுத்திருந்தவள் தூங்கினாளா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்தேன். என் கையைவிட அதிகமாக நடுங்கியது.

"ரெண்டு பேருமே சேந்து குறைச்சுக்கலாங்க" என்று டாக்டர் புதுச் சீட்டு எடுத்தார். பேர் கேட்டார், சொன்னாள். வயசு கேட்டார்.

"நாப்பத்திரண்டுங்க."

அவளுக்கு நாற்பத்தாறு. நான் வாயைத் திறக்கவில்லை.