இரண்டாவது டேக்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். உன் நலத்தைக் கேட்டால் படத்தின் நலத்தைத்தான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடு. போனில் பேசினால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

நேற்று உன் பதினோராவது படத்தைப் பார்த்தேன். காலைக் காட்சி. வழக்கம்போல வெளியே போகிற வழியில்தான் கூட்டம். இடைவேளை வரை நானும் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு திரையில் என் வீட்டுக்காரர் வந்தார்.

என் படுக்கையறை, என் ஜன்னல், என் கட்டில். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது அண்ணா. யாரோ முப்பது பேருக்கு நடுவில், பின்வரிசையில் ஒருவன் பாப்கார்ன் கொறிக்கிற சத்தத்தில், அவர் சாகக் கிடந்ததை மறுபடியும் பார்த்தேன்.

"வெளிநாட்டுல இருக்கிற பொண்ணு அப்பாவைப் பார்க்கணும்ல, கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லித்தானே கேமராவோடு உள்ளே வந்தாய்? வெளிச்சம் போதவில்லை என்றாய். கட்டிலை ஜன்னல் பக்கம் நான்தான் இழுத்துப் போட்டேன். என் மகளுக்கு இன்றுவரை நீ ஒரு துண்டுகூட அனுப்பவில்லை.

அந்தக் காட்சியை எடுத்துவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் தங்கை

மார்ச் 11

தங்கச்சிக்கு,

முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

இருபத்தாறு வருடமாகப் படம் எடுக்கிறேன். முதல் படமே உன் சமையலறையில்தான். மூன்றாவது படத்தில் பிணமாகப் படுத்திருந்த நீ தும்மினாய். ஒரே டேக்தான் என் கொள்கை, அப்படியே விட்டுவிட்டேன். பிணம் தும்முகிற படம் உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். அதற்கும் ஒரு விமர்சகர் உள்ளர்த்தம் கண்டுபிடித்தார். தயாரிப்பாளர் பாதியில் ஓடிப்போன படம், பெட்டியை விட்டு வெளியே வராத படம், எல்லாவற்றிலும் நம் வீட்டு ஆட்கள், நம் வீட்டுச் சாமான்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தப் படத்தில் அப்பா வேடத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகர் சீரியலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையிடம் புலம்பினேன். அவரே சொன்னார்: "நான்தான் சும்மா படுத்துக் கிடக்கேனே மச்சான், என்னை எடுங்க." உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அவர்தான்.

முதல் தடவையாக ஒரு திரைப்பட விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியில்தான் எல்லாரும் அழுகிறார்கள். அதை எடுத்தால் படம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மாப்பிள்ளைக்கு நான் செய்த மரியாதை என்று நினைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். நம்புகிறேன். உன் மேல் இருந்த கோபத்தில் பாதி அவர் மேல் திரும்பிவிட்டது. என்ன பிரயோஜனம், சண்டை போட ஆள் இல்லை. காட்சி இருந்துவிட்டுப் போகட்டும். நல்லபடியாக விழாவுக்குப் போய் வா. குளிர்கிற ஊர் என்றால் நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள், அந்தக் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு மேடை ஏறாதே.

ஒன்றை மட்டும் சொல்லு. படத்தில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கூட வாழ்ந்ததுல ஒரு நாள்கூட எனக்குச் சலிக்கல" என்கிறார். அந்தக் கை என் கை. அதற்குப் பிறகு அவர் தெளிவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பதினான்கு மாதமாக அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறேன்.

பிணம் தும்மினாலும் இரண்டாவது டேக் எடுக்காதவன், அவரை மட்டும் ஏன் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாய்? அது அவர் எனக்குச் சொன்னதா, நீ எழுதிக் கொடுத்ததா?

உன் தங்கை

மார்ச் 20

பைத்தியக்காரத் தங்கச்சிக்கு,

அது அவர் மனதிலிருந்து வந்தது. முதல் தடவை அவர் குரலை மைக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அப்போதே உன்னிடம் சொன்னேனே. கேமராவைத் திருப்பி வைத்ததோடு என் வேலை முடிந்தது. அம்மா மேல் சத்தியம். போதுமா?

விழாவுக்கு நீயும் வா. மேடையில் உன்னையும் கூப்பிடுகிறேன். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள் பார்.

அண்ணன்

ஏப்ரல் 2

இயக்குநர் அவர்களுக்கு,

படப்பிடிப்புக்கு வாங்கிப்போன என் போர்வைகளையும் மேசை விளக்கையும் உங்கள் உதவி இயக்குநர் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண், இத்தனை மாதம் தாமதித்ததற்கு உங்கள் சார்பில் மன்னிப்பெல்லாம் கேட்டாள். அவள் போன பிறகு ஒரு போர்வை மடிப்பிலிருந்து ஒரு தாள் விழுந்தது. காட்சி நாற்பத்தொன்று. உங்கள் கோழிக் கிறுக்கலைப் படிக்க நம் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

மேலே தேதி போட்டிருக்கிறீர்கள். கேமராவோடு வந்ததற்கு மூன்று வாரம் முன்னால். அவர் சொன்ன அந்த வசனத்தை நான்கு விதமாக எழுதி மூன்றை அடித்திருக்கிறீர்கள். ஒன்றில் 'சலிக்கல'வுக்குப் பதில் 'அலுக்கல'. அதற்குக் கீழே இரண்டு வரி: "மனைவி அழுவாள். சொல்லித் தர வேண்டாம்."

அந்த மூன்று வாரமும் தினம் இங்கே வந்தீர்கள். என் கையால் சாப்பிட்டீர்கள். "தைரியமா இரு" என்று என் தலையில் கை வைத்தீர்கள். நான் எப்போது, எந்த வெளிச்சத்தில் அழுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் எதை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்? நான்தான் எழுதினேன் என்று போன கடிதத்திலாவது சொல்லியிருந்தால், ஒரு மாதம் அழுதுவிட்டு மன்னித்திருப்பேன். அம்மாவை இழுத்துச் சத்தியம் செய்தீர்கள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மத்தியானத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அவர் முதல் தடவை சொன்னதும், "பொய் சொல்லாதீங்க, எனக்கே எத்தனையோ நாள் சலிச்சிருக்கு" என்றேன். அவர் சிரித்தார். என்னைப் பார்த்து, இருமல் வந்து மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தார். உங்கள் காட்சி கெட்டுப்போயிற்று. அதனால்தான் இன்னொரு தடவை. அப்போது அவர் சிரிக்காமல் சொன்னார், நானும் உண்மையென்று நம்பி, நீங்கள் எழுதியபடியே அழுதேன்.

விழாவுக்கு வரமாட்டேன். இனி கேமராவோடும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம், கேமரா இல்லாமலும் வர வேண்டாம். அந்த வசனம் உங்களுடையது. என் அழுகையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஊர் ஊராகப் போட்டுக் காட்டுங்கள்.

அந்தச் சிரிப்பை மட்டும் உங்களுக்கு எழுதவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. வெட்டி எறிந்துவிட்டீர்கள். அது அவர் எனக்குக் கொடுத்தது.

இப்படிக்கு,
அவருடைய மனைவி