ஊன்றாத இடது கால்

கருப்பசாமி துணை

அவனியாபுரம்
11-1-1979

அன்புள்ள மாப்ள காசிமாயனுக்கு,

நானும் உன் அக்கா முத்துத்தாயும் சுகம். உன் சுகத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஈரோட்டுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு முனியாயி உங்கள் குஸ்தி கம்பெனி போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். தோளில் புலித்தோல், கீழே ‘வைகை வேங்கை’ என்று கொட்டை எழுத்து. உன் அக்கா சோறு வடித்த கஞ்சியைத் தடவி அதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே நீதான்.

ஒரு சேதி. போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் குஸ்திப் பரிசளிப்பு விழா. நமக்குக் குஸ்தி சொல்லிக்கொடுத்த விருமாண்டி வாத்தியார்தான் தலைமை. எழுபது வயசில் மைக்கைப் பிடித்தார் பார். “இப்ப மேடையில நடக்குறதுக்குப் பேரு குஸ்தியாய்யா? அடிக்கிற சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது, அடி ஒருத்தன் மேலயும் விழுகல. யாரு ஜெயிக்கணும்னு முந்துன நாளே பேசி வச்சிக்கிறானுக. முதுகுல மண்ணு ஒட்டாதவன் பயில்வானாய்யா?” என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

முதலில் கை தட்டியது நான்தான். உன்னிடம் மறைப்பானேன்.

உன் மச்சான்
சிவனாண்டி


ஈரோடு
19-1-1979

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்தியார் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அவர் திட்டாமல் இருந்தால்தான் உடம்புக்கு என்னவோ என்று பயப்பட வேண்டும். ஆனால் முதல் கைதட்டல் நம் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமா?

இன்னொன்று. தினமும் நீங்கள் பட்டறையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி என் முகத்தின் மேல் தொங்கவிடுவதாக அக்கா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு ராக்கம்மாள் எழுதியிருந்தாள். வேர்வை நாற்றம் ஈரோடு வரைக்கும் வருகிறது மச்சான்.

இங்கே என் ஆட்டம் நன்றாகத்தான் போகிறது. கூட ஆடுகிறவர்கள் நல்லவர்கள். ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அதை வாத்தியார் ஏமாற்று என்கிறார். நான் சோறு என்கிறேன்.

அன்புடன்
காசிமாயன்


அவனியாபுரம்
25-1-1979

மாப்ள,

சட்டை மாட்ட வீட்டில் வேறு ஆணி இல்லை.

வாத்தியார் சொன்னதில் எது பொய் என்று நீ எழுதவே இல்லை. எழுத முடியாது. நம் மண் கோதாவில் நீயும் நானும் பதினாலு தடவை பிடித்தோம். பதினாலு தடவையும் உன் முதுகுதான் மண்ணில். ஒவ்வொரு தடவையும் அந்த மண்ணை என் கையால் தட்டிவிட்டேன். ஜெயித்தவன் தோற்றவன் முதுகைத் தட்டாமல் கோதாவை விட்டு இறங்கக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். தோற்றவனுக்கும் மரியாதை இருந்த இடம் அது. உங்கள் மேடையில் என்ன இருக்கிறது? கித்தான் விரிப்பும் லைட்டும்.

கம்பெனிக்காரர் ஆள் எடுக்க வந்த அன்றைக்கு உன் உயரத்தைப் பார்த்தார், சுருட்டை முடியைப் பார்த்தார். என் பிடியை அவர் பார்க்கவில்லை. இன்றைக்கு நீ வேங்கை. நான் கடைசல் பட்டறையில் இரும்புத்தூள் தின்கிறேன். டீக்கடையில் என்னை “வேங்கையோட மச்சான்” என்கிறார்கள். எனக்கென்று ஒரு பேர் இல்லையா?

ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அதற்காக வாத்தியார் சொன்னது பொய்யாகிவிடாது.

சிவனாண்டி


ஈரோடு
6-2-1979

மச்சானுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் நிஜம். பதினாலும் நிஜம்.

வருகிற பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதுரை தமுக்கம் மைதானத்தில் எங்கள் ஆட்டம். உள்ளூர் பயில்வான் யார் வேண்டுமானாலும் என்னோடு மோதலாம் என்று முதலாளி நோட்டீஸ் அடித்திருக்கிறார். எந்த ஊரிலும் யாரும் ஏறுவதில்லை, அது சும்மா கூட்டம் சேர்க்க.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அக்காவோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். மேடைக்கு மட்டும் ஏறாதீர்கள். காரணத்தை நேரில் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வாரேன், அக்காவை மொச்சைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

காசிமாயன்


அவனியாபுரம்
20-2-1979

காசிமாயா,

ஏறாதே என்று எழுதினாயே, அதனால்தான் ஏறினேன். பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். ரெண்டே நிமிஷத்தில் நீ விழுந்ததும் தமுக்கமே எழுந்து நின்றது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்கள். “சிவனாண்டி, சிவனாண்டி” என்று என் பேரைச் சொன்னார்கள் மாப்ள. இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை டீக்கடை வரைக்கும்தான். வாத்தியார் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார். “நான் அவன் காலத்தாண்டா பாத்துக்கிட்டு இருந்தேன். இடது கால ஊனவே இல்ல. நின்னு பிடிக்கிறவன் அப்பிடி நிக்க மாட்டான். உனக்காக விழுந்திருக்கான்.”

எனக்குப் பிச்சை போட்டாயா? அக்கா புருஷனாச்சே, பொறாமையில் வெந்து சாகிறானே, ஒரு தடவை ஜெயிக்கட்டும் என்றா? நீ சாப்பிட வராதது நல்லதாகப் போயிற்று. குழம்பை நாய்க்கு ஊற்றினோம். உன் அக்கா என்னோடு பேசவில்லை. இனி நீ எனக்கு எழுத வேண்டாம்.

சிவனாண்டி


ஈரோடு
27-2-1979

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

வாத்தியார் கண் பொய் சொல்லவில்லை. நான் இடது காலை ஊன்றவில்லை. ஊன்ற முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் மேடையின் மேல்கயிற்றிலிருந்து குதிக்கச் சொன்னார்கள், குதித்தேன். முழங்கால் போய்விட்டது. கித்தானுக்குக் கீழே பலகை மச்சான், மெத்தை இல்லை. அன்றிலிருந்து கூட ஆடுகிறவர்கள் யாரும் என் இடது காலைத் தொடுவதில்லை. முந்தின நாளே பேசிவைத்துக்கொள்வது அதற்காகத்தான். அந்த ஏற்பாட்டில்தான் இத்தனை நாள் வேங்கையாக நின்றேன். ஏறாதீர்கள் என்று கெஞ்சியது அதனால்தான். கடிதத்தில் எழுதினால் அக்கா காதுக்குப் போய்விடும், அழுவாள்.

அன்றைக்கு நான் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் முதலாளி உத்தரவு. நீங்கள் வந்ததும் நேரே இடது காலுக்குத்தான் பிடி போட்டீர்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, நீங்கள் என்னைத் தூக்கிப் போட்டீர்கள். பதினைந்தாவதும் நிஜம்.

விழுந்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் கிடந்தேன். முதுகைத் தட்ட வருவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஜனங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள்.

காலால் நடக்க முடியாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அதனால்தான் சாப்பிட வரவில்லை. கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழைய அறையில்தான் இருக்கிறேன்.

காசிமாயன்


அவனியாபுரம்
5-3-1979

மாப்ள,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். ஜெயித்தது நிஜம்தான் என்று ஒரு சந்தோஷம். அதற்கப்புறம்தான் உன் முழங்கால் புத்தியில் பட்டது. இப்படிப்பட்டவன்தான் உன் அக்காவுக்கு வாய்த்திருக்கிறான். தெரிந்துகொள்.

கடிதத்தை வாத்தியாரிடம் வாசித்துக் காட்டினேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, “கயித்து மேல இருந்து குதிக்கிறது குஸ்தி இல்ல. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பய நிஜமாத்தான் விழுந்திருக்கான், என் கண்ணு தப்பாப் படிச்சிருச்சு. சரி, நிஜமா விழுந்தவன் முதுகத் தட்டாம கைய ஆட்டிக்கிட்டு நின்ன நீ யாருடா?” என்றார். டீக்கடையில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் உன் அக்காவும் ஈரோட்டுக்கு பஸ் ஏறுகிறோம். உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம். அவள் மொச்சைக் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்து வருகிறாள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டேதான் வருவாள்.

கதவைத் திறந்ததும் ஒன்றும் பேசாதே. எனக்கு முதுகைக் காட்டி நில். மண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

உன் மச்சான்
சிவனாண்டி

பின்குறிப்பு: சட்டைக்கு வேறு ஆணி அடித்துவிட்டேன். சாப்பிடும்போது உன் முகம் முழுசாகத் தெரிகிறது. இன்னமும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.