ஒரு கையால் கட்டிய தூளி

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனார் போன் செய்தாள். ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் காட்டு முகாம் உறுதியாகிவிட்டது. போன வருடம் கிடைக்காமல் போன ஓடைக்கரை இடமே கிடைத்திருக்கிறதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெல்ல இழுத்தாள்.

"அண்ணி, உங்களுக்கு மட்டும் கூடாரம் சொல்லிடவா? மெத்தையெல்லாம் அவங்களே போட்டுத் தருவாங்களாம்."

"எதுக்கு? நான் தூளியிலதான் படுப்பேன்."

"யார் கட்டுவா?"

"இத்தனை வருஷமா யார் கட்டினா?"

பாவம், அவள் நல்லதற்குத்தான் கேட்டாள்.

ஆறு வருடமாக எங்கள் இருவருக்கும், நாத்தனாருக்கும் அவள் புருஷனுக்குமாக நாலு பேருக்கும் தூளி கட்டுவது நான்தான். கடையில் அதற்கு வேறு பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அது தூளி. இரண்டு மரத்துக்கு நடுவில் துணியில் தொங்கிக்கொண்டு தூங்குவதற்கு வேறென்ன பெயர்?

போன ஜூலையில் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி வெட்டும் இயந்திரம் என் இடது கையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலை விட்டுவைத்தது. வலது கை முழுசாக இருக்கிறது. ஆக மொத்தம் ஆறு விரல். ஒரு தூளி கட்ட அது தாராளம்.

மார்ச் 6, வியாழன்

பரண்மேல் இருந்த பையை இறக்க ஸ்டூல் போட்டேன். ஏறுவதற்குள் இவர் ஓடிவந்துவிட்டார். "நீ உக்காரு, நான் எடுக்கறேன்." எடுத்தார். தூசி தட்டினார். ஜிப்பையும் அவரே திறந்தார். பட்டை, வளையம், கயிறு எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கிவிட்டு, நோயாளிக்கு மாத்திரை காட்டுவதுபோல, "இதோ, பாரு" என்றார்.

பார்த்தேன்.

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். பழத்தை நறுக்கி டப்பாவில் போட்டு, டப்பாவையும் திறந்தே வைக்கிறார். ஈ மொய்க்கிறது. குனிந்து என் செருப்பு வாரை மாட்டிவிடுகிறார். கோபப்பட முடியுமா? ஊரில் எந்தப் புருஷன் இப்படிச் செய்கிறான் என்பார்கள். எட்டு மாதமாக என் வீட்டிலேயே நான் விருந்தாளி.

மார்ச் 9, ஞாயிறு

இவர் காய்கறி வாங்கப் போன நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரண்டு தூண்கள் இருக்கின்றன. நடுவில் பத்தடி. காட்டில் இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும், பழக இது போதும்.

முதல் சிக்கல், பட்டையைத் தூணைச் சுற்றிக் கொண்டுவருவது. இரண்டு கை இருந்தால் கட்டிப்பிடித்து மாற்றி வாங்கிக்கொள்ளலாம். ஒரு கையால் விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினால் பட்டை கீழே கிடக்கிறது. நாலு தடவை ஓடினேன். ஐந்தாவது தடவை நின்று யோசித்தேன். பட்டையின் ஒரு முனையில் காதுபோல வளைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் காதில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டி, ஊசலாட விட்டு, தூணைச் சுற்றி வீசினேன். சுற்றிக்கொண்டு வந்தது. வந்து நேராக முழங்காலைப் பதம் பார்த்தது. வலியில் உயிர் போயிற்று. ஆனால் வந்ததே!

அதன் பிறகு இடது கட்டைவிரலைக் காதுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை வலது கை அதற்குள் நுழைத்து இழுத்தது. பட்டை தூணைக் கவ்வியது. இப்படி இரண்டு பக்கமும்.

காலடிச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் சுருட்டிவிட்டேன். கள்ளக் காதல் செய்கிறவள் மாதிரி.

மார்ச் 10, திங்கள்

முழங்கால் நீலம். "எங்க இடிச்சுக்கிட்ட?" கட்டிலில் என்றேன். கட்டிலின் நாலு முனைக்கும் துணி சுற்றிவிட்டார்.

மார்ச் 12, புதன்

கைக்குப் பயிற்சி தரும் பிசியோ பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் பிடிக்கிற கையா நினைக்காதீங்க, அமுக்கி வைக்கிற கையா நினைங்க. அக்குள், முழங்கை, மணிக்கட்டு, எல்லாமே இடுக்கிதான்."

எட்டு மாதத்தில் என்னிடம் ஒருவர் பேசிய முதல் உருப்படியான பேச்சு.

மார்ச் 15, சனி

வளையம் வசமாகிவிட்டது. எழுதி வைக்கிறேன். தூளியின் ஒவ்வொரு நுனியிலும் ஜோடியாக இரண்டு இரும்பு வளையம். பட்டையை இரண்டுக்குள்ளும் விட்டு, திருப்பி, ஒன்றன்மேல் கொண்டுவந்து மற்றதற்குள் மட்டும் நுழைக்க வேண்டும். ஹெல்மெட் வார் மாதிரிதான். எடை ஏற ஏற வளையங்கள் பட்டையை நெரித்துக்கொள்ளும். இதற்கு ஒரே கை போதும். வழுக்காமல் இருக்க, பின்னால் ஒரு உருவு முடிச்சு. கட்டினால் நிற்கும், வாலை இழுத்தால் அவிழும். அதற்குப் பட்டையை முழங்கையால் வயிற்றோடு அமுக்கிக்கொண்டு, வலது கையால் மடக்கிச் செருக வேண்டும். முதலில் பல்லால் கடித்துப் பார்த்தேன். நாத்தனார் புருஷன் பல் டாக்டர். பார்த்தால் என்னைக் கொன்றுவிடுவார்.

பதினோரு நிமிடத்திலிருந்து நாலு நிமிடத்துக்கு வந்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று இவர் கண்முன்னால் கட்டினேன்!

வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரி என்றார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராது. நான் பேசாமல் வீசினேன், நுழைத்தேன், செருகினேன். கால் பக்கம் ஒரு சாண் உயரம், தலைப் பக்கம் தாழ்வு. துணி சிரிக்கிற வாய் மாதிரித் தொங்க வேண்டும், விறைப்பாக இழுத்தால் முதுகு போச்சு. எல்லாம் சரி. கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஏறிப் படுத்தேன், குறுக்காக. குறுக்காகப் படுத்தால்தான் உடம்பு நேராகும்.

இருபது நிமிடம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. என் கட்டு, என் எடை. சிரித்துக்கொண்டே கிடந்தேன். இவரும் சிரித்தார்.

மார்ச் 17, திங்கள்

ச்சே.

தூளியைக் கழற்ற மாடிக்குப் போனேன். தலைப் பக்கம் வளையத்தை உருவினேன், துணி கீழே விழவில்லை. அப்படியே தொங்குகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் கறுப்பு நைலான் கயிறு. துணியின் சுருக்கத்துக்குள்ளே ஒளித்து, தொட்டிக் குழாயோடு சேர்த்து முடிச்சு மேல் முடிச்சு. கால் பக்கமும் அதே. நான் தண்ணீர் குடிக்கக் கீழே போன நேரத்தில் கட்டியிருக்கிறார்.

அப்போ நேத்து நான் படுத்தது எதுல? என் கட்டுலயா, அவர் கயித்துலயா? தெரியாதே! இனிமே தெரியவே தெரியாதே! பக்கத்துல நின்னு சிரிச்சாரே, அது என்ன சிரிப்பு? குழந்தை கைல பொம்மை ஸ்டீயரிங்கக் குடுத்துட்டு, நீதான் வண்டி ஓட்டறன்னு சொல்ற சிரிப்பு.

சாயங்காலம் கேட்டேன். மறைக்கவில்லை.

"விழுந்துட்டா?" என்றார்.

"விழுந்தா எழுந்துக்குவேன். மூணடி உயரம்!"

"உனக்கென்ன, சொல்லிடுவ. அன்னிக்கு ஃபேக்டரிலேருந்து போன் எனக்குத்தானே வந்துச்சு." வேறெதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 18, செவ்வாய்

பாட்டில் மூடியை நானே இறுக்கி மூடி, நானே திறந்து குடித்தேன்.

மார்ச் 22, சனி

நாத்தனார் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குக் கயிறு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. தூளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போனாள்.

"எங்க, கட்டுங்க அண்ணி."

கட்டினேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் வளையத்தைப் பார்க்கவில்லை, பட்டையை இழுத்துப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்து சாய்ந்துவிட்டாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூட இருப்பாள்.

மாடிக் கதவோரம் இவர். நிலையைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது.

"ஏம்மா, பாத்து..."

"என்னண்ணா? விழுந்தா பல்லுதானே போகும். வீட்டுலயே டாக்டர் இருக்காரு, சும்மா கட்டித் தருவாரு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. ஆனால் கயிறு எடுத்துவரப் போகவும் இல்லை. நின்றார். முழு அரை மணி நேரமும் அங்கேயே நின்றார்.

அவள் தூங்கியே போய்விட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி — ஓடைக்கரை

இன்னும் வெளிச்சம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, எழுத்து கோணுகிறது.

வந்து சேரும்போது தூறல். மழை பிடிக்குமுன் முடிக்க, இந்தத் தடவை அவரவர் தூளியை அவரவரே கட்டுவதென்று ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். முதலில் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டேன், உள்ளே உளுத்த சத்தம். அடுத்துப் பார்த்த இரண்டும் உறுதி, ஆனால் தூணைவிட இரண்டு பங்கு பருமன். கொக்கி பாதி சுற்றில் விழுந்துவிட்டது. சரி என்று பட்டையின் நடுவை மரத்தோடு தோளால் அமுக்கிக்கொண்டு, மரத்தோடு ஒட்டியபடியே நானே ஒரு சுற்று நடந்தேன். பட்டை என்னோடு வந்தது. இது மாடியில் தோன்றாத வித்தை, மரம் பார்த்ததும் தானாக வந்தது. வளையத்துக்குக் கீழே ஒரு சின்னக் கயிற்றைத் தொங்கவிட்டேன். மேலே முகாம்காரர்கள் தார்ப்பாய் போட்டுவிடுவார்கள்; பட்டை வழியாக வழிந்து வரும் மழைநீர் இந்தக் கயிற்றில் இறங்கிச் சொட்டிவிடும், துணிக்கு வராது.

இத்தனையும் செய்யும்போது இவர் தன் மரத்தடியில் நின்றுகொண்டு தன் தூளியைக் கட்டுகிறார் என்றுதான் பேர். கண் முழுவதும் என் கைமேல். ஒரு வார்த்தை பேசவில்லை, உதவிக்கு வரவில்லை. குறுக்கே வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், காப்பாற்றினார்.

நான் முதலில் ஏறிப் படுத்தேன். பட்டை ஒரு முறை முனகியது, நின்றது. தாங்குவதற்கு ஒளித்துக் கட்டிய கயிறு இல்லை, யார் கயிறும் இல்லை. ஈரக் காற்று முதுகுக்குக் கீழே போயிற்று.

இவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "அப்பாடா" என்று தன் தூளியில் உட்கார்ந்தார்.

விர்ரென்று ஒரு சத்தம். ஆளைக் காணோம்.

சேற்றில் கிடந்தார், துணி தலைமேல். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டதோடு சரி, திருப்பி ஒன்றுக்குள் நுழைக்க மறந்திருக்கிறார்! பல் டாக்டர் ஓடிவந்து முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். நாத்தனார் ஓடையோரப் பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இறங்கி வருவதற்குள் இவரே சிரிக்க ஆரம்பித்திருந்தார். சேறும் சகதியுமாகக் கிடந்தபடியே, குலுங்கிக் குலுங்கி. இந்தச் சிரிப்பை நான் ஜூலைக்கு அப்புறம் கேட்கவில்லை.

கை நீட்டினேன், வலது கை. பிடித்து எழுந்தார். "கட்டித் தர்றியா?" என்றார்.

கட்டினேன்.

ஏப்ரல் 5, சனி — காலை

ராத்திரி நல்ல மழை. என் துணி காய்ந்தே இருக்கிறது. இவருடையதும்.

மற்ற இருவரும் எழுமுன் ஓடையில் கால் வைத்து உட்கார்ந்திருந்தோம். கயிற்றைப் பற்றிக் கேட்ட அன்று சொல்ல வந்து விழுங்கியதைச் சொன்னார்.

"போன் வந்தப்போ கைல லென்ஸ் இருந்துச்சு. கீழ போட்டு உடைச்சேன். அன்னிலேருந்து கை நடுக்கம் நிக்கல. தினமும் ஒண்ணு ரெண்டு கெடுத்துடறேன். முதலாளி என்னைத் தேய்க்கிற மிஷின்லேருந்து எடுத்து, பிரேம் துடைக்க விட்டுட்டாரு. ஜனவரிலேருந்து."

ஜனவரியிலிருந்து! மூன்று மாதமாகத் தினமும் காலையில் என் பாட்டில் மூடியைத் திருகி வைத்துவிட்டு, அங்கே போய் பிரேம் துடைத்திருக்கிறார். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கை கண்ணில் படவில்லை.

"ஏன் சொல்லல?"

"உனக்கு அடிபட்டிருக்கு. எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றது?"

திட்ட வேண்டும் போலிருந்தது, திட்டவில்லை. அவர் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நடுங்கியது, சின்னதாக, பறவைக்குஞ்சு மாதிரி. இடது கையை அதன்மேல் வைத்து அமுக்கினேன். என் இடது கையை இவர் தொடாமல் ஒதுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன், வலிக்கும் என்று பயம். வலிக்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நம்பவில்லை. அப்புறம் நம்பினார்.

பசிக்கிறது. நாத்தனார் அடுப்பு மூட்ட முடியாமல் கத்துகிறாள்.

ஏப்ரல் 7, திங்கள்

வீடு. நாலு தூளியும் மாடியில் காய்கின்றன. தொழிற்சாலைக்குப் போன் செய்து, அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வேலைக்கு வருகிறேன் என்றேன். இனி பெட்டி சரிபார்க்கும் பிரிவு. மேற்பார்வையாளர் "அவசரமில்லம்மா, மெதுவா வாங்க" என்றார். எனக்கு அவசரம் என்றேன்.

பிசியோ பெண்ணிடம் இவரை அழைத்துப் போக வேண்டும். வரமாட்டேன் என்பார். வருவார்.

ஏப்ரல் 18, வெள்ளி

வந்தார். மூன்றாவது தடவை இன்று.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவருக்கு இன்று லீவு, முன்னறையில் ஏணிமேல் ஏறித் திரைச்சீலைக் கம்பியை மாற்றுகிறார். ஒரு முனையைத் திருகினால் மறுமுனை சரிகிறது போலிருக்கிறது, தனக்குள்ளே திட்டிக்கொள்வது கேட்டது. அப்புறம் குரல்.

"ஏய், எங்க இருக்க? வந்து இந்தப் பக்கம் பிடி."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் ஏறி, கம்பியை இடது உள்ளங்கைமேல் வைத்து, கட்டைவிரலால் அணைத்துப் பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேல. ம்... அப்படியே வெச்சிரு."

எந்தக் கை என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் இரண்டு திருகாணி, கையில் ஒன்று. திருகிக்கொண்டே இருந்தார்.