எழுந்திருக்க முடியாத கும்பிடு

பிரியமுள்ள உங்களுக்கு,

நம் பாப்பாளைப் பெண் பார்க்க வெள்ளகோவில்காரர்கள் வந்துபோனார்கள். இரண்டு வருஷமாக அவளுக்கு ஓயாத முட்டிவலி என்பதை உங்கள் அண்ணன் சொல்லவிடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் காலில் விழுந்து கும்பிட்டவளால் எழ முடியவில்லை. நான் தூக்கப் போவதற்குள் மாப்பிள்ளையின் தாயார் பூரித்துப்போனார்.

“பாருங்க, சாமி முன்னால கெடக்கறாப்பல கெடக்கறா! இந்த மரியாதை எந்தப் புள்ளைக்கு வரும்?”

அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். காலேஜில் மேடையேறிப் பேசியவள்தான் நான். அந்த வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டியதும் நான்தான்.

இப்போதுதான் அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். வலியில் தூங்காமல் கிடந்தவள் கேட்டாள்: “ஏனுங்கம்மா, அங்க போனா தெனமும் உழுந்து கும்பிடோணுங்களா?”

அவளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடனே புறப்பட்டு வாருங்கள்.

உங்கள் மனைவி