எமில்பெக்கின் தொடைத்தசை

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? பிஷ்கெக்கில் நான் நலம். கோபம்தான் இன்னும் தணியவில்லை.

எங்கள் அணியின் மல்யுத்த வீரன் எமில்பெக்குக்குப் போன மாதம் தொடையின் பின்தசை பாதி கிழிந்துவிட்டது. தசை என்பது நூல் நூலாகச் சேர்ந்த கற்றை. அதற்குச் சுருங்கி இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பின்தசை காலை மடக்கும், முன்தசை நீட்டும். பாதி இழை அறுந்தபின் மல்லுக்கு நின்றால் மீதியும் போய்விடும். அணியின் இயன்முறை மருத்துவராக இதைப் பயிற்சியாளர் ஜிர்கல்பெக்கிடம் சொன்னேன்.

"சதைதானே! இறுக்கிக் கட்டி அனுப்பு. உன்கிட்ட யாரு பாடம் கேட்டா?" என்று கத்தினார்.

"கட்டமாட்டேன். அது அவன் காலு, உங்க பதக்கம் இல்ல."

அவரே கட்டினார். நான் நேராக நடுவரிடம் போய்ச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினேன். பயிற்சியாளர் அங்கேயே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். கவலைப்படாதீர்கள், வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன்.

"என் ஆட்டத்தக் கெடுத்துட்டியே அக்கா!" என்று எமில்பெக் அழுதான். அதுதான் உள்ளே எரிகிறது.

உலர்ந்த தயிர் உருண்டைகளைப் பேருந்தில் கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பது வாய்க்குப் பிடிக்கவில்லை, தனியாகத் தின்பதாலோ என்னவோ. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பேருந்து ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். இன்று எமில்பெக் விடுதியில் கோலூன்றாமல் படியேறினான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பட்டும், நடக்கிறானே.

உங்கள் மகள்,
நுர்ஜாத்